முப்பத்தாறில் ஒரு பங்கு

பள்ளத்தூர் வீட்டுக்கு முப்பத்தாறு பங்கு.
அவர் போனபின்
ஒன்று என் பேருக்கு மாறியது.
பின்கட்டுக்கும் பின்னால்
வெறும் தரையாய்க் கிடந்ததைப்
பங்காளிகள் கயிறு பிடித்து அளந்தார்கள்.
எனக்கு வந்தது
பன்னிரண்டடிக்கு ஒன்பதடி,
ஒரு முருங்கை,
பாதித் துவைகல்.

போனில் ஒரு வெள்ளைக்காரன்
முழங்கால் பனியில் நின்றுகொண்டு
கல்லை வட்டமாக அடுக்குகிறான்.
நடுவில் தீ. சுற்றி நாற்காலி.
பன்னிரண்டு நிமிஷம். நாலு தடவை பார்த்தேன்.
எனக்குப் பனி இல்லை.
சித்திரை மாசம்.
கொல்லைத் தகரக் கதவைத் தொட்டால்
தோல் அதோடு போய்விடும்.

கொத்தனார் சவரிமுத்து கேட்டார்:
கல்யாண அடுப்பா ஆச்சி?
இல்லை.
நெல்லு அவிக்கவா?
இல்லை.
பின்னே?
சுத்தி உக்கார.
யாரு?
அதற்கு நான் முருங்கையைப் பார்த்தேன்.
வெயிலு நூத்தஞ்சு ஆச்சி, என்றார்,
காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரலில்.

ஆனாலும் வேலைக்காரர்.
சிமெண்டு வேணாம், சூட்டுக்குப் பிளந்துரும்.
செம்மண், மணல், கொஞ்சம் உமி,
மிதித்துப் புளிக்கவிட ஒரு ராத்திரி.
வெளிவட்டத்துக்குச் செம்புறாங்கல்.
உள்வட்டத்துக்குச்
சூளையில் கூடுதலாய் வெந்து கறுத்த செங்கல்,
பாதி விலைக்கு.
கோணலா இருக்கும் ஆச்சி.
இருக்கட்டும், வட்டம்தானே.
மூன்று வரிசை.
அடிவரிசையில் விரல் நுழைய நாலு சந்து,
காற்றுக்கு.

நூல் கட்டி வட்டம் போட்ட அன்று
நாச்சியப்பன் டேப்போடு வந்தார்.
துவைகல் வழக்குக்குப் பிறகு
மூன்று வருஷமாய் என் முகம் பார்க்காதவர்,
அன்றும் பார்க்கவில்லை.
கொத்தனாரிடம் சொன்னார்:
நாலு விரக்கடை தள்ளிக்கச் சொல்லு.
நான் ஒரு முழம் தள்ளினேன்.
இன்னொரு தடவை அவர்
டேப்பை விரிக்க வேண்டாமே.

பத்து நாள் காய்ந்தது.
விரிசல் விட்டது, பூசினேன்.
மறுபடி விட்டது, பூசினேன்.
மூன்றாவது விரிசலை
அதன் போக்கில் விட்டுவிட்டேன்.
சாயங்காலந்தோறும் கைப்பிடிச் சுள்ளி,
ஒரு தேங்காய்ச் சிரட்டை.
கல்லுக்குச் சூடு பழக வேண்டுமாம்.

ஒரு வெள்ளிக்கிழமை,
விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்டு போனது.
சீமைக்கருவேலக் கட்டை நாலு எடுத்து
ஒன்றில் ஒன்று சாய்த்து வைத்தேன்.
பிடித்துக்கொண்டது.

ஐம்பத்தேழு வயசு வரை
நான் பார்த்த தீயெல்லாம்
எதையாவது சுமந்துகொண்டிருந்தது.
உலைப்பானை. தோசைக்கல்.
கல்யாணத்தில் நெய்.
பிள்ளை பெற்ற மூன்று தடவையும்
யாரோ வெந்நீர் போட்ட அண்டா.
ஒரே ஒரு தீயை மட்டும்
நான் பார்க்கவில்லை.
தெருமுனை வரைதான், பெண்கள் திரும்புங்கள்
என்றார்கள். திரும்பினேன்.
ஈரத் தலையோடு வந்தவர்கள்
எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது என்றார்கள்.

இதன்மேல் ஒன்றும் இல்லை.
எரிந்தது. உட்கார்ந்திருந்தேன்.
முதுகில் பகல் வெயிலின் மிச்சம்,
முழங்காலில் புதுச் சூடு.
வேர்வையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

புகை நேரே
நாச்சியப்பன் ஜன்னலுக்குப் போனது.
சாத்துகிற சத்தம் கேட்டது.
கொஞ்ச நேரத்தில்
திறக்கிற சத்தம்.

அப்புறம் கொலுசு.
அவர் சம்சாரம் சிகப்பி,
கையில் தூபக்கால்.
கரண்டு இல்லை, காஸும் தீந்துபோச்சு,
சாம்பிராணிக்கு ரெண்டு கங்கு.
என்னிடம் இடுக்கி இல்லை.
பழைய தோசைத் திருப்பியால் எடுத்துப் போட்டேன்.
வாங்கிக்கொண்டு நின்றாள்.
என்ன வேகுது?
ஒண்ணுமில்லே.

ஒண்ணுமில்லையா, என்று
குனிந்து தீக்குள் பார்த்தாள்.
தூபக்காலைத் துவைகல்மேல் வைத்தாள்,
எந்தப் பாதி என்று
நானும் பார்க்கவில்லை.
வாங்கிய கங்கு இரண்டும் வெளுத்துச்
சாம்பல் பூக்கிறவரை நின்றாள்.

பிறகு
வேறு ரெண்டு வாங்கிக்கொண்டு போனாள்.